மெதடிஸ்ட் சபைக்கு மேலிடம் எங்கே?

சபையில் ஒரு தகராறு வந்துவிட்டால் நம்மூரில் முதலில் கேட்பது, "மேலிடத்தில் யாரைப் பார்க்கணும்?" என்பதுதான். கத்தோலிக்கர் என்றால் பங்குத்தந்தை, பிஷப், ரோம் என்று ஏணி நேராக மேலே போகும். பாப்டிஸ்ட் என்றால் ஏணியே கிடையாது, ஒவ்வொரு சபையும் தனக்குத் தானே ராஜா. மெதடிஸ்ட் என்றால்? பேராயர் இருக்கிறார், ஆனால் தலைவர் இல்லை. சட்டப் புத்தகம் இருக்கிறது, ஆனால் தலைமையகம் இல்லை. உங்கள் சபைக்கு யார் ஆயராக, அதாவது போதகராக, வரவேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்ய முடியாது, அவரை அனுப்பும் பேராயருக்கோ சட்டம் போடும் கூட்டத்தில் ஓட்டுக்கூடக் கிடையாது.

மெதடிஸ்ட் என்று உலகம் முழுக்கப் பல சபைகள் இருப்பதால் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னால் குழப்பம்தான் மிஞ்சும். அதனால் அமெரிக்காவில் 1968-ல் உருவான யுனைட்டெட் மெதடிஸ்ட் சபையை எடுத்துக்கொள்கிறேன். அளவில் பெரியது, ஆப்பிரிக்கா, பிலிப்பைன்ஸ், ஐரோப்பா வரை பரவியது, அதோடு சில வருடங்களுக்கு முன் கண்ணெதிரே உடைந்தது. வீடு எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பது சுவர் விரியும்போதுதானே தெரியும்.

இந்தச் சபைக்குத் தலைமை அலுவலகம் இல்லை என்று சொன்னேன், பேச்சுக்குச் சொன்னதில்லை. மிஷன் வாரியம் அட்லாண்டாவில், ஓய்வூதியம் பார்க்கிற அமைப்பு இல்லினாய்ஸில், வேறு சில வாரியங்கள் நாஷ்வில்லில், சமூக நீதி வாரியம் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில். 1970-களில் கலிஃபோர்னியாவில் சபையோடு தொடர்புள்ள முதியோர் இல்லங்கள் திவாலாகி, அங்கே இருந்தவர்கள் வழக்குப் போட்டார்கள். சபைத் தரப்பு வைத்த வாதம் என்ன தெரியுமா? யுனைட்டெட் மெதடிஸ்ட் சபை என்று வழக்குப் போடும்படியான ஒரே அமைப்பு எதுவும் இல்லவே இல்லை, தனித்தனி மாநாடுகளும் வாரியங்களும்தான் இருக்கின்றன என்பது. 1979-ல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை, கடைசியில் சமரசத்தில் முடிந்தது. வக்கீல் சாமர்த்தியம் என்று தோன்றலாம், ஆனால் அந்த வாதத்தில் பாதி உண்மை உண்டு.

இதற்கெல்லாம் வேர் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபைக் குருவானவர், சாகும்வரை (1791) தான் ஆங்கிலிக்கன்தான் என்று சொன்னவர். ஊர் ஊராகக் குதிரையில் போய்த் திறந்தவெளியில் பிரசங்கம் செய்தார், கூட்டம் சேர்ந்தது, சேர்ந்த கூட்டத்தைக் கவனிக்கப் பிரசங்கிகளை நியமித்தார். 1744-ல் லண்டனில் அவரோடு சேர்த்துப் பத்துப் பேர் உட்கார்ந்து பேசியதுதான் முதல் 'கான்ஃபரன்ஸ்', அதாவது மாநாடு. என்ன போதிப்பது, எப்படிப் போதிப்பது, என்ன செய்வது என்று வெஸ்லி கேள்வி கேட்பார், மற்றவர்கள் கருத்துச் சொல்வார்கள், முடிவு அவருடையது. ஜனநாயகமெல்லாம் இல்லை. ஆனாலும் மெதடிஸ்ட் உலகத்தில் அதிகாரம் ஒரு ஆளிடம் இல்லாமல் ஒரு கூட்டத்திடம் இருப்பது அந்த அறையில்தான் தொடங்கியது. வெஸ்லி போனபின் அவர் நாற்காலியில் எந்த ஆளும் உட்காரவில்லை, மாநாடுதான் உட்கார்ந்தது.

அமெரிக்கா சுதந்திரம் வாங்கியதும் அங்கிருந்த ஆங்கிலிக்கன் குருமார் பலர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டார்கள். ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை, இராப்போஜனத்துக்கு ஆள் இல்லை. வெஸ்லி 1784-ல் தாமஸ் கோக் என்பவரை அனுப்பி, அங்கே ஏற்கெனவே உழைத்துக்கொண்டிருந்த ஃபிரான்சிஸ் ஆஸ்பரியையும் கண்காணிப்பாளராக்கச் சொன்னார். ஆஸ்பரி ஒரு நிபந்தனை போட்டார்: வெஸ்லி நியமித்தால் மட்டும் போதாது, பிரசங்கிகள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தால்தான் ஏற்பேன். அந்த வருடக் கிறிஸ்துமஸ் சமயம் பால்டிமோரில் கூடினார்கள், தேர்ந்தெடுத்தார்கள், அடுத்தடுத்த மூன்றே நாளில் அவர் டீக்கன், எல்டர், கண்காணிப்பாளர் என்று மூன்று படியும் ஏறிவிட்டார். பிறகு 'கண்காணிப்பாளர்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'பேராயர்' என்று போட்டுக்கொண்டபோது வெஸ்லிக்கு வந்ததே கோபம். என்னை அயோக்கியன், முட்டாள் என்று யாரும் அழைக்கட்டும், பேராயர் என்று அழைக்க ஒருக்காலும் சம்மதிக்க மாட்டேன் என்று 1788-ல் ஆஸ்பரிக்கு எழுதினார். ஆஸ்பரி பட்டத்தை விடவில்லை. ஆனால் அவர் போட்ட நிபந்தனை இன்றும் நிற்கிறது: மெதடிஸ்ட் பேராயர் மேலிருந்து இறங்குகிறவர் இல்லை, ஓட்டில் ஏறுகிறவர்.

சரி, இப்போது மாற்றல் விஷயத்துக்கு வருவோம், ஏனென்றால் சபையார் இந்த அமைப்பைத் தொட்டு உணர்வது இங்கேதான். ஆயரை அனுப்புவது பேராயர். ஒரு வருடத்துக்குத்தான் நியமனம், அடுத்த வருடம் நீட்டலாம், நீட்டாமலும் விடலாம். சபை கமிட்டி பேட்டி வைத்து ஆள் எடுப்பதெல்லாம் இங்கே கிடையாது. பேராயரும் மாவட்டத்துக்கு ஒருவராக அவர் நியமித்த கண்காணிப்பாளர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டத்துக்கு 'கேபினெட்' என்று பெயர், அங்கேதான் எந்த ஆயர் எந்த ஊருக்கு என்ற காய் நகர்த்தல் நடக்கும். ஒரு இடத்தில் ஒருவர் ஓய்வு பெற்றால் அந்தக் காலியிடத்தை நிரப்ப இன்னொருவர், அவர் இடத்தை நிரப்ப மற்றொருவர் என்று சங்கிலி போல நாலைந்து குடும்பம் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். அந்தக் காலத்தில் ஆண்டு மாநாட்டின் கடைசி நாளில் பேராயர் பட்டியலை வாசிக்கும்போதுதான் அவரவருக்குத் தம் ஊர் தெரியும், வாசித்து முடித்ததும் குதிரையேறிப் புறப்பட வேண்டியதுதான். இப்போது வசந்த காலத்தில் டி.எஸ். எனப்படும் மாவட்டக் கண்காணிப்பாளரிடமிருந்து ஒரு போன் வரும், கலந்து பேச வேண்டும் என்று விதியே இருக்கிறது, பிள்ளைகள் படிப்பு, மனைவி வேலை எல்லாம் கேட்பார்கள். ஆனால் கலந்து பேசுவது வேறு, சம்மதம் வாங்குவது வேறு. பெரும்பாலும் ஜூலை 1-ம் தேதி புது ஊரில் இருக்க வேண்டும்.

இது பிடிக்காமல் ஆரம்பத்திலேயே சண்டை வந்தது. 1792-ல் முதல் பொது மாநாட்டில் ஜேம்ஸ் ஓ'கெல்லி என்பவர் எழுந்து, பேராயர் போட்ட நியமனம் பிடிக்காத பிரசங்கி மாநாட்டிடம் முறையிட உரிமை வேண்டும் என்று கேட்டார். தோற்றார், தம் ஆட்களோடு வெளியே போய்த் தனிச் சபை ஆரம்பித்தார். இருநூறு வருடத்துக்கு மேல் ஆகிறது, நியமனத்தின் மேல் பேராயருக்கு இருந்த கை இன்னும் தளரவில்லை. பதிலுக்கு ஆயர்களுக்கும் ஒரு பாதுகாப்பு உண்டு: நல்ல பெயரோடு பணியில் இருக்கிற எல்டருக்கு, அதாவது முழு அபிஷேகம் பெற்ற ஆயருக்கு, பேராயர் ஏதாவது ஒரு இடம் கொடுத்தே ஆக வேண்டும். பணக்காரச் சபையார் நாலு பேருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஆயர் தெருவில் நிற்க வேண்டியதில்லை. பெண் ஆயர்களுக்கு 1956-ல் முழு உரிமை கிடைத்தபோது இந்த விதியின் அருமை தெரிந்தது. பெண் வேண்டாம் என்று முகம் சுளித்த சபைகளுக்கும் பெண் ஆயரை அனுப்ப முடிந்தது இதனால்தான். சபை தானே தேர்ந்தெடுக்கிற முறையாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை வருடம் காத்திருக்க வேண்டுமோ.

ஆயர் எந்தச் சபையின் உறுப்பினரும் இல்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவருடைய பெயர் இருப்பது ஆண்டு மாநாட்டின் பதிவேட்டில். ஆண்டு மாநாடு என்றால் வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் கூட்டம் மட்டும் இல்லை, ஒரு மாநிலமோ அதில் பாதியோ அளவுள்ள நிலப்பரப்புக்கான நிரந்தர அமைப்புக்கும் அதே பெயர். சபையின் அடிப்படை அமைப்பு இதுதான் என்று சட்டப் புத்தகமே சொல்கிறது, கவனியுங்கள், ஊர்ச் சபையை அப்படிச் சொல்லவில்லை. ஆயர்களும், சம எண்ணிக்கையில் சபைகள் அனுப்பும் பொதுமக்களும் கூடுகிறார்கள். யாருக்கு அபிஷேகம், யாருக்கு ஓய்வு, பட்ஜெட் எவ்வளவு, எல்லாம் அங்கே. அபிஷேகம் பெறப்போகிறவர்களை நிறுத்தி வெஸ்லி காலத்துக் கேள்விகளை இன்றும் கேட்கிறார்கள். "பூரணத்தை நோக்கிப் போகிறீர்களா?" என்பது ஒன்று. இன்னொன்று, வேலைக்கே சங்கடம் வரும் அளவுக்குக் கடன் இருக்கிறதா என்பது. கல்லூரியும் இறையியல் படிப்பும் கடனில் முடித்துவிட்டு வந்து நிற்கிற அமெரிக்க இளைஞரிடம் இதைக் கேட்டால் என்ன முகம் வரும் என்று நினைத்துப் பாருங்கள்.

ஊர்ச் சபைக்குள்ளும் அதிகாரம் சிதறித்தான் கிடக்கிறது. கட்டடத்துக்கு டிரஸ்டிகள், பணத்துக்கு நிதிக் கமிட்டி, ஆயருக்கும் சபைக்கும் நடுவே பேச ஒரு உறவுக் கமிட்டி. அந்த உறவுக் கமிட்டியில் ஆயரின் வீட்டார் இருக்கக்கூடாது, ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேரும் கூடாது (இந்த ஒரு விதியை மட்டும் நம்மூர்க் கமிட்டிகளுக்கு இறக்குமதி செய்தால் எத்தனை பேர் மிஞ்சுவார்கள் என்று யோசித்ததுண்டு). வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ். வந்தோ, தன் சார்பில் ஒரு எல்டரை அனுப்பியோ 'சார்ஜ் கான்ஃபரன்ஸ்' நடத்துவார், ஆயரின் சம்பளம் அங்கே ஓட்டில் முடிவாகும். ஆக, ஆள் அனுப்புவது ஒருவர், சம்பளம் போடுவது இன்னொருவர். ஊரில் விழும் காணிக்கையில் ஒரு பங்கு ஆண்டு மாநாட்டுக்குப் போக வேண்டும், அங்கிருந்து ஒரு பகுதி உலக அளவிலான நிதிகளுக்குப் போகும். பேராயர்களின் சம்பளமும் சிம்பாப்வேயின் முட்டாரேயில் இருக்கும் ஆப்பிரிக்கப் பல்கலைக்கழகத்துக்கான உதவியும் இந்தப் பங்கிலிருந்துதான். கட்டாத சபையை ஜப்தி பண்ண முடியாது, ஆனால் டி.எஸ். ஒவ்வொரு வருடமும் அந்தக் கணக்கைக் கேட்காமல் விடமாட்டார்.

மேலே போனால் பொது மாநாடு. நாலு வருடத்துக்கு ஒருமுறை, பாதி ஆயர்கள், பாதி பொதுமக்கள், 2024-க்கு ஒதுக்கப்பட்ட இடங்கள் 862. இந்தச் சபை இந்த விஷயத்தில் இப்படி நினைக்கிறது என்று அதிகாரபூர்வமாகச் சொல்லும் உரிமை உலகத்தில் இந்தக் கூட்டத்துக்கு மட்டும்தான். ஒரு பேராயர் டி.வி.யில் பேசினால் அது அவர் கருத்து, சபையின் கருத்து ஆகாது. மாநாட்டு மேடையில் மாறி மாறித் தலைமை வகிப்பது பேராயர்கள், ஆனால் விவாதத்தில் கலந்துகொள்ளவோ ஓட்டுப் போடவோ அவர்களுக்கு உரிமை இல்லை. 'டிசிப்ளின்' எனப்படும் ஒழுங்கு நூலைத் திருத்துவது இங்கேதான், திருத்தத் திருத்த அது ஒரு வக்கீல் அலமாரிப் புத்தகம் போலப் பெருத்துவிட்டது. அப்படியானால் இதுதானே மேலிடம் என்றால், இல்லை. 1808-லேயே அதற்கும் கடிவாளம் போட்டுவிட்டார்கள்: விசுவாசப் பிரமாணங்களைத் தொடக்கூடாது, பேராயர் பதவியை ஒழிக்கக்கூடாது, குற்றம் சாட்டப்பட்ட ஆயருக்கு விசாரணை உரிமையைப் பறிக்கக்கூடாது.

கடிவாளத்தைப் பிடித்திருப்பது ஒன்பது பேர் கொண்ட நீதிக் கவுன்சில். 2012-ல் டாம்பாவில் நடந்த பொது மாநாட்டைச் சொன்னால் அதன் பலம் புரியும். சபையின் வாரியங்களையெல்லாம் சுருக்கி ஒரு மையத்துக்குக் கீழ் கொண்டுவர ஒரு திட்டம் வந்தது, பல நாள் பேசி, இழுபறி பண்ணி, ஒருவழியாக நிறைவேற்றினார்கள். கடைசி நாளன்று கவுன்சில் ஒரே தீர்ப்பில் சபையின் அரசியல் சாசனத்துக்கு முரண் என்று தூக்கி எறிந்துவிட்டது. அதே மாநாடு எல்டர்களுக்கான நியமன உத்தரவாதத்தையும் நீக்கியிருந்தது, சில மாதம் கழித்து அதுவும் போயிற்று. அதாவது, மேலிடம் ஒன்றை உருவாக்க மேலிடமே நினைத்தாலும் முடியவில்லை.

பேராயர்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். அமெரிக்காவில் அவர்களைத் தேர்ந்தெடுப்பது பொது மாநாடு இல்லை, நாடு ஐந்து மண்டலங்களாகப் பிரிந்திருக்கிறது, அந்தந்த மண்டல மாநாடு தேர்ந்தெடுக்கும். பட்டம் ஆயுளுக்கும், ஆனால் ஒரே பகுதியில் சாதாரணமாக எட்டு வருடத்துக்கு மேல் இருக்க முடியாது, மாற்றல் அவர்களுக்கும் உண்டு. இந்த மண்டல முறைக்கு ஒரு அசிங்கமான பூர்வ கதை இருக்கிறது. 1844-ல் ஜார்ஜியாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஆண்ட்ரூ என்ற பேராயர் அடிமைகள் வைத்திருந்ததை ஒட்டிச் சபை வடக்கு தெற்கு என்று பிளந்தது. 1939-ல் திரும்பச் சேர்ந்தபோது தெற்கத்தியரைச் சமாதானப்படுத்த ஐந்து மண்டலங்களை நிலப்படியும், ஆறாவது ஒன்றைத் தோலின் நிறப்படியும் போட்டார்கள். நாடு முழுவதும் சிதறியிருந்த கறுப்பினச் சபைகளில் பெரும்பாலானவை அந்த ஆறாவதற்குள், 'சென்ட்ரல்' என்ற அழகான பெயரில். 1968-ல் இன்றைய சபை உருவானபோதுதான் அமைப்புச் சட்டத்திலிருந்து அது ஒழிந்தது. ஒற்றுமைக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை அந்த வரைபடமே சொல்லிவிடும்.

அப்புறம் சொத்து. ஆலயத்தைக் கட்டியது ஊர்க்காரர்கள், பத்திரம் ஊர் டிரஸ்டிகள் பெயரில், ஆனால் பத்திரத்தில் ஒரு வாசகம் இருக்கும்: இது முழுச் சபைக்காகவும் பொறுப்பில் வைத்திருக்கும் சொத்து. எழுத மறந்திருந்தாலும் ஒழுங்கு நூல்படி அது இருப்பதாகவே கணக்கு. வெஸ்லி காலத்தில் பிரசங்க மண்டபத்தைக் கட்டிய பணக்காரர், எனக்குப் பிடித்தவர்தான் இங்கே பிரசங்கிக்கலாம் என்று கதவைச் சாத்திவிடக்கூடாது என்பதற்காக வெஸ்லி ஒரு மாதிரிப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். மாற்றலும் இந்த வாசகமும் ஒரே கயிற்றின் இரண்டு முனை. கட்டடம் ஊருக்குச் சொந்தம் என்றால் மேலிருந்து அனுப்பிய ஆயரை உள்ளே விடாமல் பூட்டலாம் அல்லவா?

அந்தக் கயிறு அறுந்ததைத்தான் சமீபத்தில் பார்த்தோம். ஓரினச்சேர்க்கை கிறிஸ்தவப் போதனைக்குப் பொருந்தாது என்று 1972-ல் ஒழுங்கு நூலில் ஒரு வரி ஏறியது, அதன்பின் ஒவ்வொரு பொது மாநாட்டிலும் அதே சண்டை. 2019 பிப்ரவரியில் செயின்ட் லூயிஸில் இதற்கென்றே சிறப்பு மாநாடு கூட்டி, தடையை இறுக்கும் திட்டம் 438-க்கு 384 என்று வென்றது. அமெரிக்கப் பேராளர்களில் பெரும்பாலோர் விரும்பாத முடிவு, ஆப்பிரிக்கப் பேராளர்களின் ஆதரவு இல்லாமல் நடந்திருக்காது. கூடவே வெளியேற விரும்பும் சபைகளுக்கு ஒரு கதவும் திறந்தார்கள்: சபையார் கூட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு, ஆண்டு மாநாட்டுக்குக் கட்ட வேண்டிய அந்த வருடக் காணிக்கைப் பங்கோடு இன்னும் 12 மாதப் பங்கு, ஓய்வூதியப் பொறுப்பில் தன் பாகம், பிறகு ஆண்டு மாநாட்டின் ஒப்புதல். இத்தனையும் முடித்தால் கட்டடத்தோடு போகலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த மாநாட்டில் ஜெயித்தது பழமைவாதிகள், கதவைத் தாண்டிப் போனதிலும் மிகப் பெரும்பாலோர் அவர்களே. அமெரிக்காவில் ஓட்டு தங்கள் பக்கம் நிற்காது, போட்ட தடையைப் பல பேராயர்கள் அமல்படுத்தவும் மாட்டார்கள் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. 2023 டிசம்பர் 31-ல் கதவு மூடியபோது 7,600-க்கு மேற்பட்ட சபைகள் போயிருந்தன, அமெரிக்கச் சபைகளில் ஏறத்தாழ கால்வாசி.

மிஞ்சியவர்கள் கொரோனாவால் நாலு வருடம் தள்ளிப்போன மாநாட்டை 2024 ஏப்ரல், மே மாதங்களில் சார்லட் நகரில் நடத்தினார்கள். ஓரினச்சேர்க்கையாளர் ஆயராகக் கூடாது என்ற தடை 692-க்கு 51 என்ற ஓட்டில், விவாதமே இல்லாமல் போயிற்று. அதைவிட நீண்டகால விளைவுள்ள இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது. அதுவரை ஆப்பிரிக்க, பிலிப்பைன்ஸ், ஐரோப்பிய மாநாடுகள் ஒழுங்கு நூலில் தங்கள் ஊருக்கு ஏற்பச் சிலவற்றை மாற்றிக்கொள்ளலாம், அமெரிக்காவுக்கு மட்டும் அந்த வசதி இல்லை, அமெரிக்க விவகாரம் எல்லாம் உலக மாநாட்டில்தான் வரும். இனி அமெரிக்கா உட்பட எல்லோரும் சம நிலையில் பிராந்தியங்கள், அவரவர் வீட்டு விஷயம் அவரவருக்கு. அரசியல் சாசனத் திருத்தம் என்பதால் உலகம் முழுக்க ஆண்டு மாநாடுகளில் ஓட்டெடுத்து மூன்றில் இரண்டு பங்கு தேவைப்பட்டது, அதையும் தாண்டி 2025 நவம்பரில் உறுதியானது.

நம் பக்கத்துக்கு இந்தக் குடும்பத்தின் இரண்டு கிளைகளும் வந்திருக்கின்றன. ஆஸ்பரிக்குக் கைவைத்து அபிஷேகம் செய்த அதே தாமஸ் கோக் இலங்கைக்கு மிஷனரிகளைக் கூட்டிக்கொண்டு வரும் வழியில் 1814 மே மாதம் கப்பலிலேயே இறந்தார். அவரோடு கிளம்பியவர்கள் வந்து சேர்ந்து ஆரம்பித்ததுதான் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பள்ளிக்கூடங்களோடு நிற்கிற மெதடிஸ்த திருச்சபை. அது பிரிட்டிஷ் கிளை, பேராயரே கிடையாது, மாநாட்டுத் தலைவர்தான். அதே கிளை சென்னைப் பக்கம் வளர்த்த சபைகள் 1947 செப்டம்பர் 27-ல் சி.எஸ்.ஐ.யில் கலந்து, பேராயர்களை அங்கே ஏற்றுக்கொண்டன. அமெரிக்கக் கிளையில் வந்தவர்கள் தனியாக நின்று 1981-ல் இந்திய மெதடிஸ்ட் சபை ஆனார்கள். சிங்கப்பூரில் இன்னொரு விதம்: ஒரே பேராயர், அவருக்குக் கீழே மூன்று ஆண்டு மாநாடுகள், பிரித்திருப்பது நிலப்படி இல்லை, பெரிதும் மொழிப்படி. அதில் இம்மானுவேல் தமிழ் ஆண்டு மாநாட்டுக்குத் தனித் தலைவர் உண்டு. மலேசியாவிலும் தமிழுக்குத் தனி ஆண்டு மாநாடு. நிறப்படி போட்ட அமெரிக்க மண்டலத்தோடு இதை ஒப்பிட முடியாது, இங்கே சிறிய குழு தன் பாஷையில் தன் கூட்டத்தைத் தானே நடத்துகிறது, அங்கே பெரியவர்கள் சிறியவர்களை ஓரமாக உட்கார வைத்தார்கள்.

வெளியேறியவர்களில் பலர் சேர்ந்தது 2022 மே 1-ல் தொடங்கிய குளோபல் மெதடிஸ்ட் சபையில். புதுசாகச் சட்டம் எழுத வாய்ப்புக் கிடைத்தால் யாரும் முதலில் பட்ட காயத்துக்குத்தானே மருந்து தேடுவார்கள், அவர்களும் அப்படியே செய்தார்கள்: சொத்தின் மேல் இருந்த பொறுப்பு வாசகத்தை எடுத்துவிட்டார்கள், பேராயர் பதவிக்கு ஆயுள் என்பது போய்க் காலவரம்பு வந்தது. சபையாரிடம் கூடுதலாகக் கலந்து பேச வேண்டும் என்றும் எழுதி வைத்தார்கள். ஆனால் எந்த ஆயர் எந்த ஊருக்கு என்று கையெழுத்துப் போடுவது அங்கேயும் பேராயர்தான்.